ரப்பர் இருந்த இடம்

சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை எல்லாக் கட்டுகளிலிருந்தும் கழற்றி அந்தரத்தில் நிறுத்த முடிந்தால் அது ஆறு விதமாக அசையும். முன்பின், இடவலம், மேல்கீழ் என்று நகர்வது மூன்று; அதே மூன்று அச்சுகளில் திரும்புவது மூன்று. சஸ்பென்ஷன் என்பது இந்த ஆறில் ஐந்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவிடும் ஏற்பாடு. விட்ட அந்த ஒன்றுதான் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிறது.

இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு வைத்த ஒரு தண்டு ஆறில் சரியாக ஒன்றைப் பிடிக்கும். ஐந்தைப் பிடிக்க ஐந்து தண்டு. 1982இல் வந்த மெர்சிடீஸ் 190 காரின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை அப்படியே இரும்பில் செய்து காட்டினார்கள்: சக்கரத்துக்கு ஐந்து ஆர்ம், ஒவ்வொன்றும் தனித்தனி. அந்தப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஐந்தைக் கட்டினால்தான் ஒன்று ஒழுங்காக அசையும் என்பதைத் துறவு நூல்களில் தேடிப் போக வேண்டியதில்லை. இயந்திரவியல் பாடத்தில் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது.

*

கிள்ளான் தம்பி ஒருவர் தன் ஹோண்டா சிவிக்கைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இங்கே எல்லோரும் ‘ஈஜி’ என்று சொல்லும், 1991இல் வெளிவந்த தலைமுறை. பின்பக்க லோவர் ஆர்மும் அப்பர் ஆர்மும் புதிதாக வடிவமைத்துச் செய்து தர வேண்டுமாம். தைவான் சரக்கு கடையிலேயே கிடைக்கிறதே என்றேன்.

“அத எல்லாரும் போட்டுருக்காங்க அண்ணே.”

நேர்மையான பதில். பாதுகாப்பு, ரேஸ் என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை.

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈஜிக்கு இருக்கும் மவுசுக்குக் காரணம் ஹாஃப்-கட் வியாபாரம். ஜப்பானில் கழித்துப்போட்ட காரை நடுவில் அறுத்துக் கப்பலேற்றினால் அது கார் அல்ல, உதிரிப்பாகம். போர்ட் கிள்ளானில் இறங்கும் பாதி வண்டிகளிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், ஆர்ம், ஒயரிங் வரை எல்லாம் வாங்கி, இங்கே பதிவான ஒரு பழைய பாடிக்கு மாற்றிவிடலாம். அப்பா ஓட்டிய வண்டியை மகன் அடியோடு மாற்றி, நம்பர் பிளேட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளை நான் அறிவேன்.

மைவி கார் வைத்திருப்பவருக்கு இந்த ஆசைக்கு வழியே இல்லை. அதன் பின்பக்கம் முறுக்கு பீம். இரண்டு சக்கரத்தையும் ஒரே தகடு பிணைத்திருக்கும், கழற்றி மாற்றத் தனி ஆர்ம் கிடையாது. நிம்மதியான வண்டி.

*

ஈஜியை லிஃப்டில் ஏற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தால் சக்கரத்துக்கு நான்கு உறுப்புகள் தெரியும். முன்னிருந்து பின்னோக்கி வரும் கனமான டிரேலிங் ஆர்ம். சக்கரம் அதன் மீதே நிற்கிறது. குறுக்கே மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். நான்காவது, டிரேலிங் ஆர்மின் முன்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டை உறுப்பு. காம்பன்சேட்டர் ஆர்ம் என்பார்கள். முதல் முறை பார்ப்பவர் கண்ணில் படாது.

நான்குதானே, ஐந்தாவது எங்கே? டிரேலிங் ஆர்மின் முன்முனையில் இருக்கும் பெரிய ரப்பர் புஷ், மேல்கீழ் அசைவையும் முன்பின் அசைவையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதில் மேல்கீழைக் கொஞ்சம் இறுக்கமாகவும் முன்பின்னை வேண்டுமென்றே தளர்வாகவும் பிடிக்கிறது. சக்கரம் குழியில் மோதினால் டிரேலிங் ஆர்ம் ஒரு துளி பின்னுக்குப் போகலாம். அப்படிப் போகும்போது சக்கரம் திசை திரும்பாதபடி அந்தக் குட்டை ஆர்ம் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். ஹோண்டாக்காரர்கள் கணக்கில் ஒரு கட்டை வேண்டுமென்றே தளர்த்தி, அதன் விளைவைச் சமாளிக்க ஓர் உறுப்பையும் வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை எதுவும் நடக்கவில்லை.

*

கணக்கு. எல்லாம் வட்டமாக்கிய எண்கள்.

வண்டி 1000 கிலோ. முன்சக்கர இழுப்பு வண்டி என்பதால் பின்னால் விழுவது 400 கிலோ அளவு. ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ, அதாவது 2000 நியூட்டன். வளைவில் வேகமாகத் திரும்பும்போது பாரம் வெளிச்சக்கரத்துக்குச் சாய்கிறது. டயர் வழுக்குவதற்குச் சற்று முன்பு தரை அதை உள்நோக்கித் தள்ளும் விசையை 3500 நியூட்டன் என்று வைத்துக்கொண்டேன்.

டயர் தரையைத் தொடும் இடம் சக்கர மையத்துக்கு 280 மில்லிமீட்டர் கீழே. லோவர் ஆர்ம் மையத்துக்கு 120 கீழே, அப்பர் ஆர்ம் 150 மேலே. அப்பர் ஆர்மின் முனையைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால், 3500ஐ 430ஆல் பெருக்கி 270ஆல் வகுக்க வேண்டும். லோவர் ஆர்மில் ஏறக்குறைய 5600 நியூட்டன் அமுக்கம். அப்பர் ஆர்மில் 2100 நியூட்டன் இழுப்பு.

தரை கொடுத்தது 3500தான். லோவர் ஆர்ம் வாங்குவது 5600. தரை டயரின் அடியை உள்ளே தள்ளும்போது சக்கரத்தின் தலை வெளியே சாயப் பார்க்கிறது; அதை அப்பர் ஆர்ம் உள்ளே இழுக்கிறது; அந்த இழுப்பின் எதிர்வினையும் லோவர் ஆர்ம் கணக்கில்தான் எழுதப்படுகிறது. வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி.

இருந்தாலும் இது பயப்படும் எண் அல்ல. 400 மில்லிமீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள நேரான இரும்புத் தண்டு, வளைந்து மடங்குவதற்கு முன் 40,000 நியூட்டனைத் தாங்கும். அதனால்தான் சிலர் லோவர் ஆர்மையும் ஒரு தண்டு, முனைகளில் இரண்டு ரோட் எண்ட் மூட்டு என்று செய்துவிடலாம் என நினைக்கிறார்கள்.

ஈஜியில் அது நடக்காது. எப்சோபரின் அடிப்பாகம் இந்த லோவர் ஆர்மில்தான் உட்கார்ந்திருக்கிறது. வளைவுக்கு இது அமுங்கும் தண்டு. குழிக்கு இது உத்தரம். எப்சோபர் போல்ட் சக்கரத்து முனையிலிருந்து 120 மில்லிமீட்டர் உள்ளே என்றால், வண்டி சும்மா நிற்கும்போதே அந்த இடத்தில் 240 நியூட்டன் மீட்டர் வளைவு. காப்பார் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தோண்டி வைத்திருக்கும் குழிகளுக்கு அதை மூன்று மடங்காக்கிக்கொண்டேன்: 720.

இப்போது 50க்கு 20 மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள ஓர் அலுமினியப் பாளம். அதை நிமிர்த்தி, 50 உயரமாக வைத்தால் இந்த 720க்கு விளிம்பில் வரும் தகைவு 86 மெகாபாஸ்கல். அதே பாளத்தைப் படுக்கவைத்து, 20 உயரமாக வைத்தால் 216. எடை ஒரு கிராம் கூடவில்லை. 6061-டி6 அலுமினியம் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 276இல். எப்சோபர் போல்ட்டுக்குத் துளை போட்ட பிறகு அந்த இடைவெளி எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தை அங்கேயே அடித்துவிட்டேன்.

படுத்திருக்கும் ஆர்ம் படத்தில் அழகாக இருக்கும். அகலமான தட்டையான முகம், பெயர் பொறிக்க இடம். விற்பனைக்கு வரும் சிலவற்றில் இந்த அழகுக்காகவே உயரத்தைக் குறைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

*

பிரிக்பீல்ட்ஸில் மாமா. ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் அடுக்குமாடி வீடு. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல் சூளைகளால் பெயர் வாங்கிய ஊரில் ரயில்வேக்காரர்கள் குடியேறி, அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பூக்கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறார்கள். செந்தூல் பட்டறை மூடிப் பல வருடமாகிறது. அங்கே கை பழகியவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பாகத்தைக் கொடுத்தால் முதலில் கண்ணால் பார்க்க மாட்டார்கள், கட்டைவிரலால் விளிம்பைத் தடவுவார்கள்.

முதல் லோவர் ஆர்மை மில்லிங்கிலிருந்து எடுத்ததும் அவரிடம் கொண்டுபோனேன். தடவினார். உள்மூலையில் விரல் நின்றது.

“இங்க ஏன் இவ்ளோ கூரா விட்டிருக்க?”

“கட்டர் அளவு மாமா. 3 மில்லி ரேடியஸ்.”

“பெரிய கட்டரா போடு. ஒரு ராத்திரி கூட ஓடட்டும், கரண்டு என்ன உன் வீட்டு கரண்டா?”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு: இழுவலிமையில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே தகைவை வைத்திருந்தால் எத்தனை கோடி முறை ஆட்டினாலும் பொதுவாகக் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு தரை கிடையாது. 6061-டி6க்குப் புத்தகங்கள் கொடுக்கும் 97 மெகாபாஸ்கல் என்பது 50 கோடிச் சுற்றுக்கான எண். அதற்குப் பிறகும் வளைகோடு இறங்கிக்கொண்டேதான் போகும். கூரான உள்மூலை அந்த எண்ணை இன்னும் சீக்கிரம் தேடி வரவழைக்கும். இத்துடன் வெல்டிங் வைத்தால், டி6 பதம் வெல்டிங் ஓரத்தில் அவிந்து வலு பாதிக்கு இறங்கும். அதனால் அலுமினிய ஆர்மில் வெல்டிங் வேண்டாம் என்பது முதலிலேயே முடிவானது.

ஹோண்டா போட்ட பழைய ஆர்ம் அழுத்தித் திரட்டிய தகடு. துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறது. ஆனால் ஓரக்கல்லில் சக்கரம் மோதினால் அது மடங்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். பாளத்தில் கடைந்த அலுமினியம் அந்த அளவுக்கு மடங்கிக் காட்டாது, விரிசலை உள்ளே வைத்துக்கொண்டு ஓடும். மாமாவிடம் இன்னும் ஒரு பெட்டியில் சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்ப்ரேயும் இருக்கின்றன. சாயத்தை அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசலுக்குள் ஒளிந்திருந்த சிவப்பு மட்டும் கோடாக வெளியே கசிந்து வரும். வருடத்துக்கு ஒரு முறை ஆர்மைக் கழற்றி இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று தம்பிக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். செய்ய மாட்டார். அதனால் நிமிர்ந்த பாளத்தையே எடுத்து, உயரத்தை இன்னும் 8 மில்லிமீட்டர் கூட்டிவிட்டேன்.

*

பழைய லோவர் ஆர்மின் உள்முனைப் புஷ்ஷை அழுத்தி வெளியே எடுத்து, ரம்பத்தால் குறுக்கே வெட்டினேன். நடுவில் போல்ட் நுழையும் இரும்புக் குழாய். வெளியே மெல்லிய இரும்பு வளையம். இரண்டுக்கும் இடையில் கறுப்பு ரப்பர். அது இரண்டு உலோகத்தோடும் ஒட்டிப் பிறந்தது. வெட்டுமுகத்தில் மயிரிழை வெடிப்புகள். இன்னும் உயிர் இருந்தது. நகத்தால் அழுத்தினால் திரும்பி வந்தது.

ஆர்ம் ஏறி இறங்கும்போது இந்தப் புஷ் எங்கும் வழுக்குவதில்லை. குழாய் வண்டியோடு இறுகி நிற்கும். வளையம் ஆர்மோடு திரும்பும். இடையில் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் அவிழும். மெல்லிய படலமாக இருப்பதால் நேராக அமுக்கினால் விறைப்பு, முறுக்கினால் மென்மை. ஒரே பொருள், ஒரு திசையில் பிடிவாதம், இன்னொரு திசையில் இணக்கம். உராய்வு இல்லை, கிரீஸ் இல்லை, மணல் புக இடம் இல்லை.

இயற்கை ரப்பருக்கு இந்த வேலையில் இன்றும் மரியாதை இருக்கக் காரணம், இழுபடும்போது அதன் சங்கிலிகள் வரிசையாகி அந்த இடத்தில் படிகமாக இறுகுவது. கிழிசல் தொடங்கும் முனையில்தான் இழுப்பு அதிகம். அங்கேயே இறுகிக் கிழிசலுக்கு வழிமறிக்கும்.

ஆத்தா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, பட்டையில் உளி ஆழமாகப் போகாமல் கோடு போட்டு, பால் சேரும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்து, வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்தவர். மரத்துக்கு மரம் பட்டையின் தடிமனை விரலால் தெரிந்துகொள்வார் என்று அம்மா சொல்வார். அந்தப் பால் என்ன ஆனது என்று ஆத்தா கேட்டதில்லை. டயர் ஆகும் என்பது வரை தெரியும்.

வேறொன்றும் ஆனது. 1938இல் இங்கிலாந்தில் ரப்பர் உற்பத்தியாளர்களுக்காக ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். மலாயாவிலிருந்து ஏற்றுமதியாகும் ரப்பர் மீது பிடித்த வரிப்பணம் அதற்குப் போனது. ரொனால்ட் ரிவ்லின் என்ற கணிதக்காரர் 1940களில் அங்கே சேர்ந்தார். ரப்பர் இரண்டு மடங்கு மூன்று மடங்கு நீளும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு, இரும்புக்குப் போடும் நேர்கோட்டுச் சூத்திரம் பொருந்தாது. அதற்கு ஒரு புதிய கணக்கு முறையைக் கட்டினார். அமெரிக்காவில் மெல்வின் மூனி 1940இல் எழுதியதோடு சேர்த்து அதற்கு மூனி–ரிவ்லின் என்று பெயர். கம்ப்யூட்டரில் புஷ்ஷை வரைந்து, பொருள் என்னவென்று கேட்கும் பட்டியலைத் திறந்தால் அந்தப் பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஆய்வகம் பின்னாளில் மலேசியாவின் கைக்கு வந்து, துன் அப்துல் ரசாக் பெயரில் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது.

பட்டியலில் அந்த வரியைத் தேர்ந்தெடுக்கும்போது என் விரல் ஒரு கணம் நிற்கும். மங்கு மங்காக எடுத்த பாலின் மேல் பிடித்த காசில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் அமைதியாக உட்கார்ந்து சமன்பாடு எழுத நாற்காலி போட்டது. ஆத்தாவுக்கு லயத்தில் இரண்டு அறை.

*

புரோட்டான் ஆலை கட்டப்பட்ட ஷா ஆலம் நகரமே சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் எழுந்தது. 1985 ஜூலையில் முதல் சாகா அங்கிருந்துதான் வந்தது. ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் கார் செய்தார்கள். அந்தக் காரில் பல இடத்தில் ரப்பர் ஒளிந்திருந்தது.

*

தம்பி கேட்பது ரப்பர் வேண்டாம் என்று. எல்லா மூட்டிலும் உருண்டை பேரிங், ரோட் எண்ட். “ஃபீல் வேணும் அண்ணே.” ரப்பர் இருக்கும் இடத்தில் எல்லாம் வண்டி ஒரு நொடி தயங்குகிறது, அந்தத் தயக்கம் வேண்டாம் என்கிறார். தயக்கம் உண்மைதான். பந்தய வண்டியில் அதை ஒழிப்பதும் சரிதான். ஒரு நாள் ஓடி, இரவே எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்க்கும் வண்டி அது.

அந்தத் தயக்கத்தை வேலை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். போர்ஷே 1977இல் 928 காருக்கு வைஸாக் என்ற ஊரில் வடிவமைத்த பின்அச்சை எடுத்துக்கொள்ளலாம். வளைவின் நடுவில் பயந்து எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பி வண்டி சுழல்வது அந்தக் கால வண்டிகளின் குணம். அவர்கள் ரப்பரின் தளர்வைக் கணக்குப் போட்டு, அதே விசை சக்கரத்தைச் சற்று உள்நோக்கித் திருப்பும்படி மூட்டை அமைத்தார்கள். ஓட்டுபவர் பயப்படும் கணத்தில் வண்டி நிதானமாகிறது. ரப்பர் அங்கே மெத்தை அல்ல, நான்காவதோ ஐந்தாவதோ ஓர் ஆர்ம்.

ஈஜியின் டிரேலிங் ஆர்ம் புஷ்ஷும் அதே ஜாதி. அதற்குப் பாலியூரித்தேன் புஷ் விற்கிறார்கள். மஞ்சள், சிவப்பு, பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் ஆர்ம் ஒரே அச்சில் திரும்புவதில்லை. சக்கரம் ஏறும்போது சாய்கிறது, பக்கவாட்டிலும் கொஞ்சம் போகிறது. கெட்டியான பாலியூரித்தேன் ஒரு திசையில் மட்டும் திரும்ப ஒத்துக்கொண்டு மற்றதில் முரண்டு பிடிக்கும். கட்டுக்கு மேல் கட்டு. அப்போது ஸ்பிரிங் செய்ய வேண்டியதைப் புஷ் செய்யத் தொடங்கும்.

இன்னொன்று. ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி, ரப்பரை எடுத்ததும் காணாமல் போவதில்லை; அடுத்த வீட்டைத் தேடிப் போகிறது. தடித்த ஸ்டெபிலைசர் பார் போட்ட ஈஜிகளில், லோவர் ஆர்மின் உள்முனைப் போல்ட்டைச் சுற்றியுள்ள பாடித் தகடு கிழிவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதற்கென்றே பிடிமானத் தகடு செய்து விற்கிறார்கள். ஹோண்டா அந்த இடத்தில் தகட்டை மடித்தபோது பக்கத்தில் ரப்பர் இருக்கும் என்று நம்பி மடித்தது.

அப்புறம் நம்மூர் மழை. சாயங்காலம் கொட்டும் மழையில் சாலை முழுக்கச் செம்மண் சேறு. மூடியில்லாத உருண்டை பேரிங்குக்குள் அது போய்ச் சேர்ந்தால் சாணைக்கல்தான். கொஞ்ச நாளில் டக் டக்கென்று சத்தம். மருந்து கிடையாது, மாற்றுவதுதான். ரோட் எண்டின் இன்னொரு குணம்: நேராக இழுத்தால், தள்ளினால் தாங்கும், வளைத்தால் மரை தொடங்கும் இடத்தில் துண்டாகும். உத்தரமாக வேலை செய்யும் லோவர் ஆர்மில் அதைப் போடுவது எந்தக் கணக்கிலும் வராது.

“அப்ப என்னதான் போடுவீங்க?” என்றார் தம்பி.

லோவர் ஆர்ம்: நிமிர்ந்த அலுமினியப் பாளம், உள்முனையில் ஹோண்டா அளவுக்கே இயற்கை ரப்பர் புஷ், கொஞ்சம் கெட்டி. நீளம் மாறாது. அப்பர் ஆர்ம்: இரும்புக் குழாய், ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை, நடுவில் திருகினால் நீளும் குறுகும். மேலும் கீழும் உள்ள மூட்டுகளுக்கு இடையே 270 மில்லிமீட்டர், ஆகவே 4.7 மில்லிமீட்டர் மாறினால் சக்கரத்தின் சாய்வான கேம்பரில் ஒரு டிகிரி. மரையின் பிட்ச் 1.5, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுக்கு 3 மில்லிமீட்டர். அரை டிகிரிக்குச் சற்று மேல். தாழ்த்திய ஈஜியில் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து டயரின் உள்ஓரம் தேய்வதைச் சரிசெய்ய இது போதும்.

ரப்பரை வைத்துக்கொண்டதில் அவருக்கு வருத்தம்தான். லோவர் ஆர்மின் முகத்தில் அவர் மகள் பெயரைப் பொறித்துத் தருகிறேன் என்றேன். தகைவு குறைவான இடமாகப் பார்த்து, ஆழமில்லாமல்.

*

சட்டம். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேட்டால், பதிவான வண்டியின் அமைப்பை மாற்ற அனுமதி வேண்டும். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959இன் கட்டுமான விதிகளும் இருக்கின்றன. புஸ்பாகோம் வாகனச் சோதனையில் வண்டி ஒரு தட்டின் மேல் ஏறிப் போகும். சக்கரம் நேராக இல்லையென்றால் தட்டு பக்கவாட்டில் நகர்ந்து காட்டிக்கொடுக்கும். அந்தத் தட்டுக்கு ஆர்மின் விலையோ நிறமோ தெரியாது. எனக்குப் பிடித்த அரசாங்கச் சாமான் அது.

*

பூட்டும் நாள். ஃபோர்மன் சீனர், என்னைவிட இளையவர், கை சுத்தம். புது ஆர்மை மாட்டி, எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு முன் நிறுத்தினார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் லிஃப்டை இறக்கச் சொன்னார்.

பல பட்டறைகளில் இங்கேதான் தவறும். சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை இறுக்கினால், ரப்பரின் இயல்பு நிலை அதுவாகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்க்கை நடத்த வேண்டும், குழி வரும்போது இன்னும் முறுக்கும், சீக்கிரம் கிழியும். பிறகு புஷ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போது, உயரம் சரியாக இருக்கும்போது, அப்போதுதான் கடைசித் திருகு. இரண்டு சாய்தளத்தில் ஏற்றி, ஃபோர்மன் அடியில் படுத்து, டார்க் ரெஞ்சு கிளிக் என்று சொல்லும்வரை இழுத்தார். ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு, நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்காக. நட்டு அசைந்தால் கோடு உடையும்.

ஃபெடரல் ஹைவேயில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பக்கம் ஓட்டினோம். பத்து தீகா வந்ததும் தம்பி கையைக் காட்டினார். 1968இல் திறந்து 2003இல் இடித்த பந்தயத் தடம் அந்தப் பக்கம்தான் இருந்தது, இப்போது வீடுகள். அவர் பிறப்பதற்கு முன் அப்பா அங்கே வேலிக்கு வெளியே நின்று பார்த்தவராம். கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டான் பெர்ட் ஓட்டி உலக ராலியின் புரொடக்‌ஷன் பட்டத்தை வாங்கியபோது வீட்டில் இனிப்பு வாங்கினார்களாம். இந்தக் குடும்பத்துக்கு ஆர்ம் பைத்தியம் பரம்பரையாக வருகிறது.

பாலத்து இணைப்புகளில் ஏறும்போது பின்னால் ‘தும்’ என்று மந்தமாக ஒரு சத்தம். அவர் எதிர்பார்த்தது ‘டங்’. கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார்.

“ரொம்ப வித்தியாசம் இல்லையே அண்ணே.”

அலைன்மெண்ட் தாளைக் காட்டினேன். பின்சக்கரம் இரண்டுக்கும் கேம்பர் ஒரு டிகிரி உள்சாய்வு, சக்கரம் பார்க்கும் திசையான டோ துளியளவு உள்ளே. முன்பு இரண்டுக்கும் ஒத்தே போகாது. தாளை மடித்து டேஷ்போர்டில் வைத்தார். மகள் பெயரை இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

*

காம்பன்சேட்டர் ஆர்மையும் நீட்டிக் குறுக்கும்படி செய்து தரச் சொல்கிறார். அவசரப்படக் கூடாது. கேம்பரைவிட டோ டயரை வேகமாகத் தின்னும்; அதுவும் அந்தக் குட்டை ஆர்ம் முனையின் உயரம் ஒரு சில மில்லிமீட்டர் மாறினாலே, சக்கரம் ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது இன்னொரு பக்கமும் திரும்பத் தொடங்கும். முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் 10 மில்லிமீட்டர் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் டோவை அளந்து, கட்டத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். வண்டியை இவ்வளவு தாழ்த்திய பிறகும் கோடு நேராக இருந்தால் ஹோண்டாவின் ஆர்மே இருக்கட்டும். வளைந்தால் பார்க்கலாம். சனிக்கிழமை லிஃப்ட் காலி. இரண்டு டயல் கேஜ் கொண்டுவரச் சொல்லி மாமாவுக்குப் போன் போட்டிருக்கிறேன்.